மைக்கில் சொன்ன பாஸ்வேர்டு

போன ஞாயிறு அழகர்கோவில் பக்கம் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. விளாங்குடியில் என் பக்கத்து வீட்டுக்காரர் தவமணியின் மகளுக்கு.

தாய்மாமன் முருகேசன் சிங்கப்பூரில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. ‘மடியில உக்கார வைக்கத்தான் குடுத்து வைக்கல... கண்ணாலயாவது பாத்துக்கிறேன்’ என்று போனில் தழுதழுத்திருக்கிறான். எங்கண்ணன் பார்க்காமல் ஊசியை எடுக்கக் கூடாது என்று தவமணியின் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

மலையடிவாரம். அங்கே போன் சிக்னல் என்பது நேர்ந்துகொண்டால் கிடைக்கிற சமாசாரம். அதனால் செல்வி என்ற நெட்வொர்க் இன்ஜினீயரைப் பிடித்தார்கள். கெட்டிக்காரி. ரெண்டு நாள் முன்பே வந்து எத்தனை பேர் வருவார்கள், எங்கே உட்காருவார்கள் என்றெல்லாம் விசாரித்தார். கூட்டம் கூடினால் ஆள்களின் உடம்பே சிக்னலை மறைக்குமாம். கேபிள் இழுத்து வந்து வைஃபை பெட்டிகளை உயரத்தில் மாட்டினார். விருந்தாளிகளுக்குப் பொதுவாக ஒரு லைன். சிங்கப்பூர் வீடியோவுக்கென்று தனி லைன், தனி பாஸ்வேர்டு.

‘அண்ணே, இந்தப் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் குடுத்துறாதீங்க’ என்று தவமணியிடம் மூன்று தடவை சொன்னார்.

சொன்னால் கேட்கிற ஜாதியா நாம்?

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மேடையில் பெரிய டிவி. அதில் புதுச்சட்டை, நெற்றியில் திருநீறு சகிதம் முருகேசன். அதற்குத் தனி லைன் என்று தெரிந்ததும் தவமணியின் பெரியப்பா மகனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

‘ஏப்பா, மச்சினனுக்குத் தனி லைனு, பங்காளிக்குப் பொது லைனா? எங்களுக்கு இம்புட்டுத்தான் மரியாதையா? நான் சாப்பிடாமயே போறேன்.’

சொன்னவர் வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தார். விசேஷ வீட்டில் பங்காளி செருப்பைத் தேடினால் என்ன அர்த்தம்? இனி அடுத்த விசேஷம் வரை பேச்சுவார்த்தை கிடையாது என்று அர்த்தம். தவமணி பின்னாலேயே ஓடினார். சரி, அவர் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம் — இன்னொரு பங்காளி கோபித்துக்கொள்வாரே? மைக்கைப் பிடித்தார். பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக, ரெண்டு தடவை அறிவித்தார்.

மண்டபமே குனிந்து போனைத் தட்டியது. டிவியில் முருகேசன் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றான்.

‘பாஸ்வேர்டை மாத்திரட்டுமாண்ணே?’ என்று செல்வி ஓடி வந்தார். தவமணி செருப்புக் குவியல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘வேணாம்மா’ என்றார்.

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடிய அஞ்சே நிமிஷம்... தவமணியின் மனைவி டிவியைப் பார்த்தாள். அழுதுகொண்டே தலையாட்டினாள். குத்தினார்கள். பிள்ளை வீறிட்டது.

செருப்புத் தேடிய பங்காளி? முதல் பந்தி. ஒரு கையில் நல்லி எலும்பு, மறு கையில் ரீல்ஸ். மரியாதை முழுசாக வந்து சேர்ந்திருந்தது.

நான் மட்டும் என்ன யோக்கியமா? அதான் மைக்கிலேயே சொல்கிறார்களே என்று நானும் அந்த லைனில்தான் புகுந்திருந்தேன். கறிச்சோற்று இலையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டேன். ஒரு நிமிஷத்தில் சிங்கப்பூரிலிருந்து மெசேஜ்.

‘உங்க எலை வந்துருச்சுண்ணே. பாப்பா ரொம்ப அழுதாளா?’