பொட்டில்லாத நெற்றி

குருண் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் ஒரு சுவரில் எஸ்டேட் பெண்கள் இரண்டு இளம்பெண்களின் முகங்களை வரைந்துகொண்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமிருப்பதால் நின்று பார்க்கிறேன்.

"ஒராங் அஸ்லி, பழங்குடிப் பிள்ளைங்க தம்பி, எங்களோட பேக்டரியில வேலை செஞ்சதுங்க. காணாமப் போனது ஊருக்குத் தெரியணும்லா. நீங்களும் கொஞ்சம் பூசுங்க" என்று ஓர் அக்கா என் கையில் தூரிகையைத் திணிக்கிறார்.

ஒருத்திக்குச் சிவப்புப் பொட்டு இருக்கிறது. மற்றவளுக்கு வைக்க மறந்துவிட்டார்கள் போல. தூரிகையைச் சிவப்பில் தோய்த்து அவள் நெற்றிக்குக் கொண்டுபோகிறேன்.

"ஐயோ, வைக்காதீங்க!" அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறார். "செத்தவங்க போட்டோவுக்கு நாம பொட்டு வைப்போம்ல, அந்தப் பொட்டு தம்பி இது. பெரியவளைச் செம்பனைக் காட்டுல பொணமாத்தான் எடுத்தாங்க. எவன் கொன்னான்னு இன்னும் தெரியல. இது தங்கச்சி. இவள இன்னும் தேடுறோம்."

தூரிகையைப் பின்னுக்கு இழுக்கிறேன்.

"அவங்கம்மாகிட்ட அர்த்தம் சொல்லி, கேட்டுத்தான் பெரியவளுக்கு வச்சோம்." அக்கா கண்ணால் அவரைக் காட்டுகிறார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மா ஏற்கெனவே எழுந்துவிட்டார். சின்ன மகளின் ஈர நெற்றியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, என் தூரிகையையே பார்த்தபடி நிற்கிறார்.