இத்தாலியக் கசெட்டும் அண்ணனின் கேசும்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் இருந்த யாழ்ப்பாணத்தவர்களில் இத்தாலியப் படங்களை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் எவரும் இல்லை. இதை நான் அடக்கமில்லாமலே சொல்வேன். மறுப்பவர் இருந்தால் நேரில் வரட்டும், ஒரு பின்னேரம் இருந்து கதைக்கலாம்.

நகரின் மேற்கே, சென் கிளயர் வீதியில், இத்தாலியப் பெண்ணொருத்தியின் வீடியோக் கடையில் எனக்கு வேலை. ஸ்காபரோவில் பஸ் பிடித்து, கென்னடியில் சப்வே ஏறி, இடையில் மாறி, கடைசித் துண்டுக்கு ஸ்ட்ரீற்கார். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. வீட்டுக்குப் பக்கத்திலேயே தமிழ்ப் படக் கசெட் வாடகைக்கு விடும் கடைகள் நான்கு இருக்க, இவளுக்கென்ன விசரா என்று எங்கள் மாடிக் கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த நான்கு கடைகளிலும் வேலை கேட்டுக் கிடைக்கவில்லை என்பதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடைக்காரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். உரத்த குரல். எனக்கு ஒரு சொல் இத்தாலியன் தெரியாது என்பதால்தான் என்னை வேலைக்கு எடுத்தாள். முன்பிருந்த பெண்கள் வருகிறவர்களோடு கதையளந்தே பொழுதைப் போக்கினார்களாம். காலை வேளையில் கடை வெறிச்சோடிக் கிடக்கும். அப்போது அவள், தன் நாட்டில் போர் முடிந்தபின் வந்த பழைய படம் ஒன்றை மேலிருந்த தொலைக்காட்சியில் போட்டுவிட்டு, தன் மனநிலைக்கேற்ப எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வருவாள். அவளுக்குப் பிடிக்காத நடிகை பேசினால், "பொய் சொல்கிறாள்" என்று மட்டும் சொல்வாள். ஐந்து நிமிட வசனத்துக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

அதுவரை நான் பார்த்த படங்களில் நல்லவன் கடைசி வரை நல்லவனாக இருந்தான். அழ வேண்டிய இடம் வருமுன்பே வயலின் வந்து அறிவித்துவிடும். இந்தப் படங்களில் அப்படி ஒன்றும் இல்லை. கதாநாயகன் பயந்தவன், பொய்யன், பசித்தவன், அடுத்தவன் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பெரிய மனிதனாக நடப்பவன். பார்த்தாலே மயங்கவைக்கும் அழகான நடிகன் ஒருவன் தலையில் எண்ணெயை அப்பி, அசட்டு மீசை வைத்து, தன்னை அவலட்சணமாக்கிக்கொண்டு வந்து நிற்பான். உப்பிய கன்னமுள்ள இன்னொருவன் கோழைகளாகவே நடித்துப் பேர் வாங்கியவன். பெண்களோ இடுப்பில் கையை வைத்து ஒரு தெருவையே வாயடைக்க வைப்பார்கள். இயக்குநர்கள் எங்களை ஒன்றரை மணி நேரம் சிரிக்கவிட்டு, கடைசி நிமிடத்தில் கழுத்தைப் பிடிப்பார்கள். போரில் தோற்று, குண்டில் இடிந்து, பட்டினி கிடந்த ஒரு நாடு தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் துணிந்திருக்கிறது. எனக்கு அது பெரிய விடயமாகப் பட்டது. எங்கள் போர் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் சிரிக்கத் தொடங்க எத்தனை காலம் பிடிக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

கடைக்காரி சொன்ன இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் படங்களின் கதையை ஐந்தாறு பேர் ஒரே மேசையில் கூடியிருந்து எழுதுவார்களாம். பஸ்ஸில் கேட்டது, பத்திரிகையின் மூலையில் கிடந்தது, பக்கத்து வீட்டில் நடந்தது என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து போட்டு, சண்டை பிடித்து எழுதுவார்களாம். எங்கள் கட்டடத்தில் நிலைமை நேரெதிர். அங்கே ஒரு கதைக்கு ஆறு பேர், இங்கே எல்லோருடைய கதைக்கும் ஒரே ஒருவர்.

அந்த ஒருவர் ஒன்பதாம் மாடியில் இருந்த அங்கிள். அகதியாக வந்து இறங்கியவர்கள், தாங்கள் ஏன் வந்தோம், ஊரில் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதை வைத்துத்தான் விசாரணை. இருப்பதா, திருப்பி அனுப்புவதா என்பது அதில்தான் முடிவாகும். இந்த எழுத்து வேலைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'கேஸ் எழுதுதல்'. அங்கிள் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர், ஆங்கிலம் சுத்தமாக எழுதுவார். நல்ல மனிதர். ஒரு சதம் வாங்கமாட்டார். ஆனால் ஒருவருக்கு வெற்றி பெற்ற கதையை அடுத்தவருக்கும் கொஞ்சம் மாற்றி எழுதிவிடுவார். அவர் எழுதிய கேஸ்களில் பனைகள் அடர்ந்த ஒரு பனங்காணி தவறாமல் வரும். எங்கள் கட்டடத்து ஆண்களில் பாதிப்பேர் அந்த ஒரே பனங்காணிக்குள்தான் இராணுவத்துக்கு ஒளித்திருந்தார்கள்.

என் அண்ணன் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்னுடைய ஒற்றை அறை வீட்டில் சோபாவில் படுத்தார். அங்கிள் அவருக்கும் கேஸ் எழுதினார், அண்ணனும் பனங்காணிக்குள் போனார். விசாரணைக்கு இரண்டு மாதம் இருந்தது. அதே பனங்காணியோடு போன இருவர் அந்தக் கோடையில் நம்பமுடியாது என்று தள்ளப்பட்டிருந்தார்கள். அண்ணனையும் தள்ளினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவருக்கு என்ன நடக்கும் என்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, கடையிலிருந்து நான் கொண்டுவந்த கசெட் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். போர் முடிந்த நாள். ஊரே வீதியில் ஆடுகிறது. ரயில்வேக் குமாஸ்தா ஒருவன் நோயாளி மனைவிக்காக, இரவல் கொடுத்த மெத்தையைத் திருப்பி வாங்கப் போகிறான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவதுதான் படம் முழுவதும். ட்ராம் வண்டிக் கதவில் மெத்தை சிக்குகிறது, ஊர்வலக்காரர்கள் அதில் ஏறிக் குதிக்கிறார்கள், மழை வேறு பெய்கிறது. நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். வீட்டுக்கு வந்தால் மனைவி வெறும் நிலத்தில் செத்துக் கிடக்கிறாள். அவளை மெத்தையில் கிடத்தச் சொல்கிறார்கள் அயலவர்கள். அவன், "வேண்டாம், ஈரமாக இருக்கிறது, காயட்டும்" என்கிறான். படம் முடிந்தது.

நான் கசெட்டை வெளியே எடுத்தேன். பிறகு அண்ணன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சொன்னார்.

"என்னைப் பிடிச்ச கதையும் உப்பிடித்தான்."

இராணுவத்தின் ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பு. ஊர் ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விட்டிருக்கிறார்கள். முன்னால் ஒரு ஜீப். அதற்குள் தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஒருவனை இருத்தியிருப்பார்கள். வரிசையில் வருபவரைப் பார்த்து அவன் தலையை ஆட்டினால், அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஊரில் அவனுக்குப் பெயரே தலையாட்டி.

"அண்டைக்கு அவன்ரை தலையிலை கிடந்தது செத்தல் மிளகாய்ச் சாக்கு. கிட்டப் போகவே நெடி. எனக்கு முன்னுக்கு நிண்ட ஆளுக்கு ஒண்டும் இல்லை. நான் போய் நிண்டன். அவன் தும்மினான்."

"பிறகு?"

"தும்மினாத் தலை ஆடும்தானே."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நீங்கள் சொல்லேல்லையோ, அவன் தும்மினவன் எண்டு?"

"சொல்லாமலோ? தும்மலுக்குச் சிங்களத்திலை என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. செய்து காட்டினனான்."

அண்ணன் எழுந்து நின்று எனக்கும் செய்து காட்டினார். மூக்கு விடைத்து, கண் சொருகி, தலை பின்னால் போய், ஒரு பெரும் தும்மலோடு முன்னால் விழுந்தது. நான் சோபாவில் புரண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். ஏழு மாதம் முகாமில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனார்.

எனக்கு உடனே பொறி தட்டியது. இதை ஒருவராலும் கற்பனை செய்யமுடியாது. ஒவ்வொரு கிழமையும் பனங்காணி கேட்டு அலுத்தவர்கள் இதை நம்புவார்கள். எது உண்மையாக ஒலிக்கும், எது ஒலிக்காது என்று நூறு இத்தாலியப் படம் பார்த்த எனக்குத் தெரியாதா? அடுத்த நாளே ஒன்பதாம் மாடிக்குப் போனேன்.

அங்கிள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பிள்ளை, உதை எழுதேலாது. சிரிச்சுப்போட்டு அனுப்பிவிடுவங்கள்."

"சிரிக்கட்டும் அங்கிள். சிரிச்சா நம்பினதெண்டுதானே அர்த்தம்?"

"கேஸெண்டா ஒரு மரியாதை இருக்கவேணும்."

"உங்கடை பனங்காணிக்குள்ளை இனி நிக்க இடமில்லை அங்கிள்."

சொன்ன பிறகு கவலையாகத்தான் இருந்தது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை.

அண்ணனும் மறுத்தார். அங்கிள் எழுதியது காணும், அதை விடு, என்னை விடு என்றார். கூச்சம் என்று நினைத்தேன். எங்கள் ஆண்களுக்கு வீரம் இல்லாத கதையைச் சொல்ல மனம் வராது என்று நினைத்தேன். மூன்று கிழமை ஓயாமல் அரித்தேன். சோற்றுக்கு முன்னும் பின்னும் அதே பேச்சு. கடைசியில், "சரி, உன்ரை படத்தையே ஓட்டு" என்றார். நான் அண்ணனுடைய லோயரிடம் போய், பழையதைத் திருத்தி, நடந்தது நடந்தபடி எழுத வைத்தேன். ஒருவரிடமும் நான் ஆலோசனை கேட்கவில்லை.

விசாரணை நாள். சின்ன அறை. அதிகாரி ஒரு மெலிந்த பெண். மொழிபெயர்க்க ஒரு தமிழ் இளைஞர். அண்ணனின் சம்மதத்தோடு நான் பின்கதிரையில் இருந்தேன். தும்மல் கதை வந்ததும் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, செய்து காட்டமுடியுமா என்று கேட்டார். அண்ணன் எழுந்து கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். செய்தார். மொழிபெயர்ப்பாளர் களுக்கென்று சிரித்துவிட்டார், லோயர் காகிதத்துக்குள் குனிந்தார், அதிகாரி வாயைக் கையால் மறைத்தார். நான் அண்ணனைப் பார்க்கவே இல்லை. அவர்களுடைய முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அதிகாரி மறுபடி பேனாவை எடுத்தார். முகாமில் இதை எத்தனை தடவை செய்து காட்டினீர்கள் என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும்," என்றார் அண்ணன். "பின்னேரத்திலை."

விசாரிப்பு ஏழு மாதமும் நடந்ததா?

"இல்லை. அது ரெண்டு கிழமையிலை முடிஞ்சுது. முதல் கிழமையே ஒருத்தன் என்னை நம்பிட்டான். அவன்தான் மற்றவங்களைக் கூப்பிட்டுக் காட்டினவன். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வெளியிலை எடுப்பாங்கள். வட்டமா இருப்பாங்கள். தும்மச் சொல்லுவாங்கள். சிரிப்பு வராட்டி அடி. சிரிப்பு வந்தா, திரும்பச் செய்யச் சொல்லி அடி."

மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். எப்படி விடுதலையானீர்கள் என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஆமிக்காரர் வேறை இடத்துக்கு மாறிப் போட்டினம். புதுசா வந்தவைக்கு நான் ஏன் அங்கை நிக்கிறனெண்டு தெரியேல்லை. போகச் சொன்னவை."

நான் சோபாவில் புரண்டு சிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் அண்ணன் எனக்குச் சொன்னது பாதிக் கதைதான். மீதியை என்னிடமிருந்து மறைக்கத்தான் மூன்று கிழமையாக மறுத்திருக்கிறார். என் கெட்டித்தனத்தை நினைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

சிறிய இடைவேளைக்குப் பிறகு, அண்ணனை ஏற்றுக்கொள்வதாக அதிகாரி அங்கேயே அறிவித்தார். லோயர் கைகொடுத்தார். என் கணிப்பு சரி என்பதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்தக் கதைதான் அண்ணனை இந்த நாட்டில் வைத்திருந்தது.

வெளியே நடைவழியில் லிஃப்டுக்காக நின்றோம். அண்ணன் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கேட்டார்.

"உள்ளுக்கை எல்லாரும் சிரிச்சவை. நீ சிரிக்கேல்லை."

"இனி எப்பிடியண்ணை சிரிக்கிறது?"

"ஏன், நான் நல்லாச் செய்யேல்லையோ?"

என்னைச் சிரிக்கவைக்கப் பகிடிக்குத்தான் கேட்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். பகிடியில்லை. அடிக்குக் காத்திருப்பவர்போல அவருடைய இரண்டு தோள்களும் காதுவரை ஏறியிருந்தன. கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் சிரித்தேன். நடைவழி முழுக்கக் கேட்கச் சிரித்தேன். அந்தத் தோள்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும்வரை நிறுத்தவில்லை.