ஏசி அறையில் தூங்கிய பலூன்கள்

வெட்கப்பட்டால் சிலருக்கு முகம் சிவக்கும். எனக்குக் காது சூடாகும். போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் பிறந்தநாளில் சூடான காது இன்னும் ஆறவில்லை.

விழா மாலை ஆறு மணிக்கு. அதற்கு முன்பு ராகுகாலம். அந்த நேரத்தில் நல்ல காரியத்துக்கான பொருள் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். ஞாயிறன்று கடை திறப்பதோ மாலையில்தான். எனவே சனிக்கிழமை மாலையே முதலியார்பேட்டைக் கடையில் பலூன்களுக்கு ஹீலியம் நிரப்பி, ஆட்டோவில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"நாளைக்குள்ள எறங்கிடாதா?" என்று கேட்டாள் மனைவி.

"மல்லிப்பூவ ஃப்ரிட்ஜில வெச்சா மறுநாளும் அப்படியே இருக்குல்ல? அதே மாதிரிதான்" என்றேன். யாராவது சந்தேகம் கேட்டால் எனக்கு உடனே எல்லாம் தெரிந்துவிடும். பலூன்களைப் படுக்கையறையில் விட்டு, ஏசியைப் பதினெட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். நாங்கள் மூவரும் கூடத்தில் வியர்த்துக்கொண்டு படுத்தோம்.

மறுநாள் பார்த்தால் பலூன்கள் சீலிங்கை ஒட்டி ஜம்மென்று நின்றன. என் மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கப்பாவுக்கு எல்லாமே தெரியும்" என்று தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆறு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சகலையும் பிள்ளைகளும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மகள் எல்லா நூல்களையும் ஒரு கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். நடுக்கூடத்தை எட்டுவதற்குள் பலூன்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டன.

"இன்னா தம்பி, நம்ம ஊரு வெயில் ஒத்துக்கலயா?" என்றார் சகலை. அவர் பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். புரியாததால் இன்னும் அதிகமாக வலித்தது.

"எங்கப்பா எழுப்புவாரு" என்றாள் மகள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்ச நேரம் பொறு, தானா எழுந்துக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, கேக் வெட்டக் கத்தி எடுக்கும் சாக்கில் சமையலறைக்குள் போய் ஒளிந்தேன்.

சற்று நேரத்தில் கூடத்தில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். பலூன்கள் நிஜமாகவே எழுந்துகொண்டிருந்தன. சகலை "பிராவோ!" என்று கைதட்டினார். நான் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன். "சொன்னேன்ல?" என்று வேறு கேட்டேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்து, நடந்தது என்ன என்று தேடிப் படித்தேன். பலூன் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அந்த அளவு காற்றைவிட அதன் எடை குறைவாக இருக்கும் வரைதான் அது மிதக்கும். ஏசி அறையில் பலூனும் காற்றும் சேர்ந்தே குளிர்ந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. குளிரில் சுருங்கிய பலூன், கூடத்தின் சூடான, லேசான காற்றுக்கு வந்ததும் இறங்கிவிட்டது. பிறகு உள்ளேயும் சூடேறி, கொஞ்சம் உப்பி எழுந்தது. அதில் என் சாமர்த்தியம் துளியும் இல்லை. முடிச்சை எவ்வளவு இறுக்கினாலும் ஹீலியம் ரப்பர் வழியாகவே கசிந்துகொண்டிருக்குமாம். போனது திரும்பாது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தெருப்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்கூல் விட்டு வந்ததும் தூங்க வெச்சிட்டேன்பா. வெளிய எடுத்து எழுப்பிக் காட்டு" என்றாள் மகள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாம் சுருங்கித் தரையில் கிடந்தன. அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"இனிமே எழுந்துக்காதும்மா. உள்ள இருந்த ஹீலியம் போயிடுச்சி. அப்பாவுக்கு எழுப்பத் தெரியாது. நேத்தும் தெரியாது, சும்மா சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள்.

"எங்கப்பாவுக்கு ஆபீஸ் போயிட்டு வந்து டயர்டா இருக்கு" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். "நாளைக்கு எழுப்புவாரு."

அவள் காது இரண்டும் சிவந்திருந்தன.