மூச்சை வெட்டிய தாளம்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குத் தாளக்காரி என்று பேர். கச்சேரிக்கெல்லாம் போனவள் இல்லை. காலர் தைக்கிற மிஷினை மிதித்தால் நீளமாக ஓர் ஓட்டம், முனையில் திருப்பல், குட்டியாக இன்னோர் ஓட்டம், கத்தரி, அப்புறம் ஒரு மூச்சு. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓரகத்தியோடு குடும்ப விவகாரம் பேசுவதும் அந்த மூச்சில்தான்.

"ஏண்டி, என் கொழுந்தனார் இன்னிக்கும்..." ஒரு காலர் முடியும். "...குளிக்காமத்தான் கிளம்புனாரா?"

"தண்ணி மேல பாவம் பாக்குறாருக்கா."

லைன் மொத்தமும் தன்னையறியாமல் அவள் நடைக்கே தைத்தது. அவள் காய்ச்சலில் படுத்த அன்று தைத்த சட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது. அதைக் கவனித்தவர் சூப்பர்வைசர். மனிதர்களைக் கவனிக்காதவருக்கு இதெல்லாம் கண்ணில் படும்.

மறுநாள் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "நீ லீவு போட்டாலும் லைன் ஓடணும். உன் மிஷின் சத்தத்தைப் பிடிச்சு ஸ்பீக்கர்ல விடப்போறேன். ஜோரா ஓட்டு பாப்போம்."

போட்டோ எடுக்கும்போது எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வதில்லையா, அதைத்தான் அவளும் செய்தாள். புடவையைச் செருகி, நிமிர்ந்து உட்கார்ந்து, ஜென்மத்தில் ஓட்டாத வேகத்தில் ஓட்டினாள். காலர் கோணிப் போனது. சத்தம் பிரமாதம்.

சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய், பதிவில் சத்தமில்லாத இடங்களையெல்லாம் வேஸ்ட் என்று வெட்டி எறிந்தார். சங்கீதம் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், வெட்டியதுதான் தாளம் என்று சொல்லியிருப்பார். அவ்வளவு எதற்கு? மழைகூட விட்டு விட்டுத்தான் பெய்கிறது. புருஷன் பெண்டாட்டிகூட ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவே இடம் விடுகிறார்கள். இல்லாவிட்டால் எந்தத் திட்டும் உறைக்காது.

ஸ்பீக்கர் பாடிய முதல் காலையில் லைனே சிரித்தது. "நம்மக்கா ரேடியோவுல வர்றாங்கடி!" மத்தியானம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தாளக்காரியே பின்தங்கிவிட்டாள்.

"சார், நான் மூச்சு விடுற இடத்தைக் காணோமே."

"மூச்சு விடவா சம்பளம் தர்றோம்?"

"அது நான் இல்ல சார்."

"என் கண்ணு முன்னாடிதானே ஓட்டுனே? அன்னிக்கு முடிஞ்சது இன்னிக்கு ஏன் முடியல? வேணும்னே இழுக்குறே."

"இன்னொரு தடவ பிடிங்க சார். மெதுவா ஓட்டுறேன்."

"மெதுவா ஓட்டுற சத்தத்தை வெச்சு நான் தூங்கவா? சனிக்கிழமைக்குள்ள ஸ்பீக்கருக்குச் சமமா ஓட்டு. இல்லேன்னா சீட்டைக் காலி பண்ணு."

அவள் ஓட்டினாள். ஊசி உடைந்தது, நூல் அறுந்தது. காலர் வராமல் பின்னால் இருந்தவர்கள் கை கட்டி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் திட்டு விழுந்தது. வெள்ளிக்கிழமை ஓரகத்தியே எரிந்து விழுந்தாள்: "சீக்கிரம் தள்ளுங்கக்கா! உங்களால எங்க பொழப்பும் போகுது."

சனிக்கிழமை, தன் சத்தத்துக்குத் தானே ஈடுகொடுக்க முடியாத குற்றத்துக்காக அவளைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவள் உட்கார்ந்த சீட் ஓரகத்திக்குப் போனது. சத்தம் கம்பெனியிலேயே தங்கிவிட்டது. சத்தத்துக்கு யார் கணக்கு முடிப்பது?

திங்கட்கிழமை சாயங்காலம் ஓரகத்தி வேலை முடிந்து நேரே அவள் வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். விரல் நுனியில் துணிக்கட்டு. தாளக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அங்க எப்படிடி போகுது?" என்று ஆசையாகக் கேட்டாள்.

ஓரகத்தி கண்ணைத் திறக்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட பேசாதீங்கக்கா. நாள் பூரா உங்க சத்தத்தைத்தான் கேக்குறேன்."