புகை குடித்த பொடி

திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் பரோட்டாக் கல், ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு ஊர் மாறுவதே பிழைப்பு. எங்கே தகராறு வந்தாலும் அன்றைக்கே பையைத் தூக்கிவிடுவேன். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் காரைக்குடிக்கு வெளியே இருந்த ஆராய்ச்சிக்கூடம். ஒப்பந்தக் கூலி. திரவ நைட்ரஜனைக் கேனில் பிடித்து வருவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, சிலிண்டர் உருட்டுவது.

நான் வேலை பார்த்த கூடத்தில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பாவுக்கு மலேசியாவில் ஓட்டல் வேலை. ஹைட்ரஜனில் ஓடும் வண்டிக்கான தொட்டிதான் அவருடைய ஆராய்ச்சி. அந்த வாயுவைக் கொஞ்சம் அடைப்பதற்கே பயங்கரமாக அழுத்த வேண்டுமாம். நுண்துளைகள் நிறைந்த ஒரு பொடியைத் தொட்டிக்குள் நிரப்பிக் குளிரவைத்தால், குறைந்த அழுத்தத்திலேயே வாயு துளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் என்றார். நான் விழித்ததைப் பார்த்திருப்பார்.

"கண்டனூர்ல கல்யாணத்துக்கு மட்டும் திறக்குற வீடு பாத்திருக்கீகள்லண்ணே? அத்தனை அறையும் காலியாக் கெடக்கும். அப்படியொரு வீட்டைத்தான் பொடிக்குள்ள கட்டுறேன். விருந்தாளி வரணும், தங்கணும், சொன்னதும் கெளம்பிரணும்."

"கெளம்பலைன்னா?"

"உங்களை மாதிரி ஆளா இருந்தாக் கெளம்பிரும்," என்று சிரித்தார்.

மாதக்கணக்கில் அடுப்பில் வளர்த்துக் கழுவிக் காயவைத்து அவர் சேர்த்தது ஒரு சின்னத் தட்டு வெள்ளைப் பொடி. மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. பொடி எவ்வளவு வாயுவைப் பிடிக்கிறது என்று அவர்களிடம் காட்ட வேண்டும். அளவு நன்றாக இருந்தால் உதவித்தொகை அடுத்த ஆண்டுக்கும் தொடரும். கையடக்கமான சோதனைத் தொட்டி ஒன்றிலும் அவருடைய பொடியை நிரப்புவார்கள்.

அதற்கு முன் ஆயுத பூஜை வந்தது. பம்புக்கும் தராசுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சிலிண்டர் அறைக்குள் நெருப்போடு போகக்கூடாது. அங்கே வெறும் பொட்டு. மற்ற அறைகளுக்குச் சாம்பிராணி காட்டும் வேலை என்னுடையது. அவருடைய அறை வாசலில் தயங்கி நின்றேன். தட்டின் மேல் ஒரு காகிதத்தைப் போட்டு மூடினார்.

"எங்க வீட்லயும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம். வாங்கண்ணே, சட்டுனு காட்டிட்டுப் போங்க."

அப்போது அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். எல்லாவற்றுக்கும் காட்டிவிட்டு, எது ஜெயிக்க வேண்டுமோ அதை மட்டும் விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. காகிதத்தை எடுத்தேன். தணலில் இன்னொரு பிடி சாம்பிராணி போட்டு, தட்டுக்கு நின்று நிதானமாகக் காட்டினேன். வேண்டிக்கொள்ளவும் செய்தேன். பிறகு காகிதத்தைப் பழையபடி போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து அளந்தபோது, முன்பு பிடித்ததில் பாதிகூடப் பொடி பிடிக்கவில்லை. குழாயில் கசிவா என்று தேடினார். கசிவு இல்லை. பொடி லேசாகப் பழுப்படித்திருப்பதாகச் சொன்னார். சாம்பிராணி காட்டியதை அங்கேயே சொல்லிவிட்டேன்.

"காகிதத்தை எடுத்தீகளா?"

"நல்லதுன்னு நெனச்சேம்மா. சூடு வச்சாப் போயிராதா?"

"ஈரம்னாப் போயிரும். இது துளைக்குள்ள ஒட்டுன சாம்பிராணிப் பிசின். அது போற சூட்டுல வீடே இடிஞ்சிரும்ணே."

தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். என்னை ஏதாவது திட்டியிருக்கலாம்.

அன்று மதியம் அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் வந்து கத்தினார். நான் கேனோடு வாசலில் நின்றிருந்தேன்.

"நாந்தான் சார். மூடாம வச்சிட்டேன்," என்றார் அவர். நான் வாயைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நைட்ரஜன் தீந்திருச்சு, பிடிச்சுட்டு வாங்க," என்றார்.

என் கையிலிருந்த கேன் நிறைந்தே இருந்தது. நான் போனேன்.

ஏன் பழியை ஏற்றுக்கொண்டார் என்று பிறகு கேட்டதற்கு, "உங்களை அனுப்பிட்டாப் பொடி வெள்ளையாயிருமா?" என்றார். ஒப்பந்த ஆளை வேலையை விட்டு நிறுத்துவதற்கு யாரும் யோசிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மனசு கேட்காமல் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு தன் கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்து, மேலிடத்துக்குப் போயிருச்சு. இப்ப நீ இதைச் சொன்னா, பொய் சொன்ன குத்தமும் அந்தப் பொண்ணு தலையில விழும். போய் வேலையப் பாருய்யா."

சோதனைத் தொட்டியில் வேறொருவருடைய பொடியை நிரப்பினார்கள். உதவித்தொகையை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள். அது முடிந்த பிறகும் அத்தா அனுப்பும் காசில் பஸ் ஏறி வந்து முதலிலிருந்து வளர்க்கிறார். நான் பையைத் தூக்கவில்லை. அவருடைய குடுவைகளை மற்றவர்கள் தொட விடாமல் நானே கழுவுகிறேன். அதனால் எதுவும் சரியாகிவிடாது.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கும் சாம்பிராணித் தூபக்காலை என்னிடமே கொடுத்தார்கள். அவருடைய அறையை மட்டும் விட்டுவிட்டு நடந்தேன். அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"டப்பாவுல போட்டு இறுக்கி மூடிட்டேண்ணே. இங்குட்டு வாங்க."

"காத்து உள்பக்கமா அடிக்குதும்மா," என்றேன்.

அந்த நடைபாதையில் காற்றே வராது. அது அவருக்கும் தெரியும்.