விமானம் ஏறாதவர்கள்

கெடா மாநிலத்துக் குருண் தொழிற்பேட்டையில் ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள் பிரேமாவதி. அவள் வேலை பொருள் செய்வதல்ல. பொருளை அளக்கும் கருவிகள் பொய் சொல்கின்றனவா என்று பார்ப்பது. அழுத்தமானி, வெப்பமானி, தராசு எதுவானாலும் அவள் மேசைக்கு வந்து பச்சை ஒட்டுத்தாள் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். சிவப்பு ஒட்டிவிட்டாள் என்றால் மேலாளரே வந்து நின்றாலும் மாற்ற மாட்டாள்.

முப்பத்தெட்டு வயதில் அவள் கடலுக்குள் மூழ்கக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அவள் கணவன் குணாளன். கோலா கெடா படகுத்துறைக்கு வேன் ஓட்டுகிறவன். பாயார் தீவுக்குப் போய் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்கிவிட்டு வருகிறவர்களை வருடக்கணக்காக ஏற்றி இறக்கியவன். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே அவனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தனியாகப் போக மனமில்லாமல் அவளையும் இழுத்துக்கொண்டு போனான். போன ஏப்ரலில் இருவரும் பயிற்சி முடித்துச் சான்று அட்டை வாங்கினார்கள். பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம்.

பயிற்சியில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் முக்குளிப்புக் கம்ப்யூட்டரை இரவல் வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். இனி சொந்தமாக வாங்க வேண்டும். மீன் பசாருக்குப் பக்கத்தில் அஸ்லானின் கடை இருந்தது. அவன் அப்பா காலத்தில் வலையும் தூண்டிலும் மட்டும் விற்றார்கள். இப்போது முக்குளிப்புச் சாமான்களும் உண்டு.

"ஒன்னு வாங்கிக்கிட்டு ரெண்டு பேரும் பாத்துக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்கண்ணே. ஆளுக்கு ஒன்னு வேணும்," என்றான் அஸ்லான். "தண்ணிக்கு அடியில இழுக்குற காத்து ரத்தத்துல கரையும். மெதுவா மேல வந்தா மெதுவா வெளிய போயிரும். ரொம்ப நேரம் இருந்துட்டு வந்தா, சோடா போத்தல தொறந்த மாதிரி உள்ளுக்குள்ளயே நுரைச்சிரும். இன்னும் எத்தனை நிமிசம் இருக்கலாம்னு சொல்றதுதான் இதோட வேலை."

குணாளன் கண் கைக்கடிகாரம் போல மெல்லியதாக இருந்த ஒன்றின்மேல் விழுந்தது. கரையிலும் கட்டிக்கொள்ளலாம். எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்குப் போட வேண்டும் என்ற பாதுகாப்பு அளவை நாமே கூட்டிக் குறைக்கலாம். பிரேமாவதிக்குக் கிட்டத்துப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அவள் எடுத்தது உள்ளங்கை அளவு வட்டமான, எண்கள் பெரிதாகத் தெரியும், ஒரே பொத்தான் உள்ள சாதாரணக் கருவி.

"அக்கா எடுத்தது கொஞ்சம் பயந்த சுபாவம்," என்று சிரித்தான் அஸ்லான். "சீக்கிரமே மேல போன்னு சொல்லும்."

"இதுல எது சரி?"

"ரெண்டும் சரிதாக்கா."

"உடம்புல எதைத் தொட்டு அளக்குது?"

"உடம்ப அளக்காதுக்கா. எவ்ளோ ஆழம், எவ்ளோ நேரம், அவ்ளோதான். மிச்சமெல்லாம் கணக்கு. யாரோ ஒரு சராசரி ஆளுக்குப் போட்ட கணக்கு."

அளக்க வேண்டியதைத் தொடாமலேயே அதைப்பற்றிச் சொல்லும் கருவி எதற்கும் அவள் இதுவரை பச்சை ஒட்டியதில்லை.

அடுத்த வாரம் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு கம்ப்யூட்டர்களையும் தொழிற்சாலையின் சோதனைத் தொட்டியில் இறக்கினாள். ரப்பர் வளையங்களைத் தண்ணீருக்குள் அழுத்திப் பார்க்கும் சின்னத் தொட்டி. மேலே கண்ணாடி மூடி. பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குச் சமமாக அழுத்தத்தை ஏற்றினாள். ஆழத்தை இரண்டும் ஒரே மாதிரி காட்டின, பத்து சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. இருக்கலாம் என்று சொன்ன நேரம்தான் வேறு. அவளுடையது முப்பத்தொன்பது நிமிடம் என்றது. குணாளனுடையது ஐம்பத்தைந்து.

அன்று மாலை அவனிடம் சொன்னாள். "கம்மியா காட்டுறத வச்சுதான் ரெண்டு பேரும் மேல வரணும். சரியா?"

"சரிலா," என்றான் அவன், கடிகாரத்தின் பொத்தான்களை அழுத்திக்கொண்டே. பாதுகாப்பு அளவை இருப்பதிலேயே கீழாக அவன் குறைத்து வைத்திருந்தது அவளுக்கு அப்போது தெரியாது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பாயாருக்குப் போனார்கள். காலையில் ஒருமுறை இறங்கி ஏறியதில் குறை ஒன்றும் இல்லை. மதியம் இரண்டாவது முறை. பாறைச் சரிவை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது அவள் கையில் எண் வேகமாகக் குறைந்தது. ஐந்து. நான்கு. மேலே போவோம் என்று அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். குணாளன் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான்: பதினாறு. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் சிரித்தன. பாறைக்கு அடியில் ஆள் உயரத்தில் ஒரு கெராப்பு மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்க இன்னும் கீழே போனான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று மீட்டர் இருக்கும். வழிகாட்டி முன்னால் வேறு இருவருடன் இருந்தார். அவள் மூன்று மீட்டர் மேலே ஏறி, அங்கேயே மிதந்து, கீழே அவன் விடும் குமிழிகள் தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேலே வந்து சேர ஒன்பது நிமிடம் ஆயிற்று.

படகில் அவன் இடது தோளைப் பிசைந்துகொண்டான். "டேங்க்க தூக்குனது புடிச்சிக்கிச்சு போல."

இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஒரு சின்ன விமானச் சின்னமும் பக்கத்தில் எண்ணும் தெரிந்தன. அத்தனை மணி நேரத்துக்கு விமானம் ஏறாதே என்று அர்த்தம். அவனுடையதில் பன்னிரண்டு, அவளுடையதில் பத்தொன்பது.

"நாம எங்கலா பிளேன் ஏறப் போறோம்?" என்றான் குணாளன். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்று மாலை குணாளனின் அக்கா உமாராணி தன் இருபதாவது திருமண நாளுக்கு ஜெராய் மலை உச்சியில் விருந்து வைத்திருந்தாள். கோலா கெடாவில் இறங்கி, வீட்டில் குளித்து உடை மாற்றி, ஆறரை மணிக்கெல்லாம் மலையேறத் தொடங்கிவிட்டார்கள். மேலே போகப் போக மேகம் சாலையில் இறங்கியிருந்தது. முன் விளக்கைப் போட்டாலும் பத்தடிதான் தெரிந்தது. குணாளன் வழக்கம்போல் பாடவில்லை. தோளை ஆட்டி ஆட்டி ஓட்டினான்.

பாதி மலையில் பிரேமாவதியின் கைப்பைக்குள் ஏதோ கத்தியது. கைப்பேசி என்று நினைத்தாள். எடுத்துப் பார்த்தால் கம்ப்யூட்டர். விமானச் சின்னத்துக்குப் பக்கத்தில் இதுவரை அவள் பார்த்திராத இன்னொரு படம் மின்னி மின்னி அணைந்தது. ஒரு மலை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அது விமானமா மலையா என்று ரத்தம் பார்க்காது. தினம் அழுத்தத்தோடே வேலை செய்கிற தனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

"காடிய திருப்புங்க."

"என்னோடது ஒன்னும் சொல்லலையே. உன்னோடது எப்பவும் கத்தும்."

"திருப்புங்கன்னு சொல்றேன்!"

"அக்கா காத்துக்கிட்டு இருக்கு பிரேமா, இன்னும் கொஞ்ச தூரம்தான்."

அடுத்த வளைவில் கியர் மாற்றப் போனவன் தடுமாற, கார் வேகம் குறையாமல் ஓரத்துக்குப் போனது. பள்ளத்துப் பக்கத்து இரும்புத் தடுப்பு மேகத்திலிருந்து திடீரென்று முன்னால் வந்தது. குணாளன் கைப்பிரேக்கை இழுத்தான். கார் குறுக்கே திரும்பி நின்றது. அவன் கீழே குனிந்து பார்த்தான்.

"கால கிளச்சுல வச்சேன்," என்றான் மெல்லிய குரலில். "வச்சேனா இல்லையான்னு தெரியல. இடது கால் இருக்கிற மாதிரியே இல்ல."

அவனைப் பின் இருக்கைக்கு நகர்த்திப் படுக்க வைத்துவிட்டு அவள் காரைத் திருப்பி மலையிறங்கி ஓட்டினாள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அஸ்லான் இருந்தான். "படுத்தே இருக்கட்டும்கா. ஆக்சிஜன் இருக்கிற ஆஸ்பித்திரிக்கு நேராப் போங்க. முக்குளிச்சாரு, அப்புறம் மலை ஏறுனாருன்னு மொதல்ல சொல்லுங்க. மறுபடி தண்ணிக்குள்ள எறக்குனா சரியாயிரும்னு எவனாச்சும் சொன்னா கேக்காதீங்க." வழியெல்லாம் பின்னாலிருந்து குணாளன், "பேசிக்கிட்டே இரு, பேசிக்கிட்டே இரு," என்றான். அவள் வளைவுகளை எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

காற்றழுத்தத்தை ஏற்றி ரத்தத்தின் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை பக்கத்து மாநிலமான பேராக்கில் இருந்தது. முதலில் போன மருத்துவமனையிலிருந்து ஆக்சிஜன் முகமூடியோடு ஆம்புலன்ஸில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரிய இரும்பு உருளைக்குள் அவனைப் படுக்க வைத்துக் கதவை மூடினார்கள். வட்ட ஜன்னல் வழியாக அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெளியே இருந்த அழுத்தமானியில் சோதனைத் தேதி முடிந்துவிட்டதா என்று பழக்கத்தில் பார்த்தாள். இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஐந்து நாளில் ஆறு தடவை அவனை உள்ளே வைத்தார்கள். நடை திரும்பியது. கடைசி நாள் அவள் மருத்துவரிடம் கேட்டாள்: "என்னோட கம்ப்யூட்டர் சொன்னப்பவே அவரு மேல வந்திருந்தா இது வந்திருக்காதுல்ல?"

"மலை ஏறாம இருந்திருந்தா வாய்ப்பு ரொம்பக் கம்மி," என்றார் அவர். "மத்தபடி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. நீங்களும் அதே மலையிலதான் ஏறுனீங்க. உங்களுக்கு ஏன் வரலைன்னும் எனக்குத் தெரியாது."

அந்தப் பதில்தான் அவளோடு வீடு வரை வந்தது. சில நாள் குளிக்கும்போது கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். வேலையில் ஒருமுறை நல்ல தராசு ஒன்றுக்குச் சிவப்பு ஒட்டிவிட்டு, ஏன் ஒட்டினாள் என்று மேலாளர் கேட்டபோது அதைத் தானே உரித்தெடுத்தாள்.

ஆறு மாதத்துக்குத் தண்ணீர் பக்கமே போகக்கூடாது என்று குணாளனுக்கு உத்தரவு. அதற்குப் பிறகும் பரிசோதனையில் தேறினால்தான். ஆறாவது மாதம் ஒரு மாலையில் அவள் வேலை விட்டு வந்தபோது அவன் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல பாரு பிரேமா, புது மாடல். உன்னோடத விட ஜாக்கிரதையா கணக்கு போடுமாம். மலை ஏறுனாகூடச் சொல்லிருமாம்."

அவன் கைப்பேசியைக் காட்டுவதற்காக எழுந்து அவளிடம் நடந்து வந்தான். இடது கால் செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே நின்றுவிட்டது. அது அவனுக்குத் தெரியவில்லை.