எட்டுகாலிக்குக் கொடுத்த கவனம்

எழுபதுகளின் நடுவில், மனைவி போய் ஆறு மாதம் ஆனபிறகு, நான் ஒரு மர எட்டுகாலியை வளர்க்க ஆரம்பித்தேன். கரமனைத் தெருவில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. மனைவியை இழந்தவன் நாய் வளர்க்கலாம், கிளி வளர்க்கலாம், இன்னொரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம். சிலந்தி வளர்ப்பதற்குத் தெருவில் முன்மாதிரி இல்லை.

அதைக் கொண்டுவந்தவர் எங்கள் ஆபீஸ் ஓவர்சியர். பொன்முடிப் பக்கம் ரோடு வேலைக்காக வெட்டிய மரத்தின் பொந்தில் இருந்ததாம். பால்பவுடர் டின்னில் போட்டுக்கொண்டு வந்து, என் ஃபைல்களை ஒதுக்கிவிட்டு மேஜைமேல் வைத்துத் திறந்து காட்டினார்.

"சாரே, இது எட்டுகாலி அல்ல. எட்டுகாலியோட அப்பனாக்கும்."

சாம்பல் நிறம், மரப்பட்டையில் கோலம் போட்டதுபோல் உடம்பு, முன்கால்களின் அடியில் மட்டும் பளீரென்று மஞ்சள். செக்‌ஷனில் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. துணிச்சல்காரன் என்று அன்றைக்கு எனக்குப் பெயர் வந்தது. எழ வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை. பசி வந்தால் ஹோட்டலுக்குப் போவேன், வராவிட்டால் போகமாட்டேன். அதை அடிக்கப் பியூன் செருப்பைக் கழற்றியபோது டின்னை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

எங்களுக்கு ஒரு மகள். அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு மூன்று வயது. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும், என் மனைவியின் அக்கா அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவுக்கும் அவள் கணவருக்கும் குழந்தை இல்லை. "கொஞ்ச நாள் எங்களோட இருக்கட்டும்" என்றாள். சரி என்றேன். மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாது, உங்களிடம் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருக்கும்.

எட்டுகாலியைப் பார்த்துக்கொள்ளவும் எனக்குத் தெரியாதுதான். முதல் மாதமே அது தப்பித்தது. கரப்பான்பூச்சி போடுவதற்காக மூடியைத் திறந்தேன். மூடிக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. என் கை, முழங்கை, தோள், சுவர், எல்லாவற்றையும் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கடந்துவிட்டது. ஓடியதை நான் பார்க்கவில்லை, அது இருந்த இடங்களைத்தான் பார்த்தேன். கழுத்தோரமாகப் போயிருக்கிறது, எனக்குப் பயம் வரவில்லை. பிறகு உத்தரத்தை அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர், கூரைக்கு அடியில் இடைவெளி. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டின் தூளி, அதில் கைக்குழந்தை. சாயங்காலம் முழுக்கத் தேடி, காலண்டருக்குப் பின்னால் கண்டுபிடித்தேன்.

மறுநாள் காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் டின்னைக் கொண்டுபோய்க் காட்டி, ஓவர்சியர் சொன்னதையும் சொல்லி விசாரித்தேன். "அப்பன் இல்லை, அம்மா" என்று, அது பெண் என்பதை முதலில் திருத்தினார். கடித்தால் ஆள் சாகமாட்டான், ஆனால் தசையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் படுத்துவிடுவான், சின்னக் குழந்தையென்றால் என்ன ஆகுமென்று சொல்ல முடியாது என்றார்.

அதற்குப்பிறகு நான் சட்டம் போட்டேன். இருபது வருஷம் ஆபீஸில் மற்றவர்கள் போட்ட சட்டத்தைப் படியெடுத்தவன், முதல்முறையாக என் சொந்தச் சட்டம். பெட்டிக்கடையில் ஆரஞ்சுச் சுளை மாதிரியான நாரங்கா மிட்டாய் வைக்கும் உயரமான கண்ணாடி பாட்டில் ஒன்று வாங்கினேன். மரத்தில் வாழும் ஜந்துவுக்குத் தரை வேண்டாம், உயரம்தான் வேண்டும். உள்ளே செங்குத்தாக ஒரு மரப்பட்டை. மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டுக் கம்பிவலை, அதன்மேல் ஒரு கொக்கி. திறப்பதென்றால் குளியலறையில்தான். கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி திணித்து, சாக்கடை ஓட்டையை அடைத்து, பாட்டிலை அண்டாவுக்குள் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகுதான் கொக்கியில் கை வைக்கலாம். பூச்சியை நீள இடுக்கியால் போட வேண்டும். கை உள்ளே போகவே கூடாது. அது பட்டைக்குப் பின்னால் வலை பின்னி அடைத்துக்கொண்டால் தோல் உரிக்கப்போகிறது என்று அர்த்தம், அப்போது உயிருள்ள பூச்சியை உள்ளே விட்டுவைக்கக் கூடாது, தோல் உரித்த உடம்பு மெத்தென்று இருக்கும், அந்தப் பூச்சியே இதைத் தின்றுவிடும். வாரம் இரண்டு தடவை இதெல்லாம் நடக்கும். வாரத்தில் நான் முழுசாக விழித்திருந்த நேரம் அதுதான்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள், குழந்தையுடன். அக்காவின் கையில் எழுதித் தயாராக இருந்த ஒரு முத்திரைத்தாள். குழந்தைக்கு ஐந்து வயது, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அதற்குள் முறைப்படி ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டால் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் தன் கணவர் பெயரை எழுதலாம், அதற்கு என் சம்மதம் வேண்டும். சுற்றி வளைக்காமல் சொன்னாள். நானும் சுற்றி வளைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், குழந்தை ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, அலமாரியிலிருந்த பாட்டிலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கன்னம் கண்ணாடியில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில், அது. நான் கூடத்தை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் குழந்தை. இரண்டு வருஷத்தில் அவளை நான் தூக்கியது அன்றைக்குத்தான். நினைத்ததைவிட கனமாக இருந்தாள். கொக்கி போட்டுத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டையும் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தேன். அது பயம்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் நான் ஈரத்துணி, அண்டா, இடுக்கி என்று ஒவ்வொன்றாக எடுத்துவைப்பதையும் பார்த்தாள். வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்ததும் சொன்னாள்:

"ஒரு பூச்சியை இவ்வளவு பாத்துப் பாத்து வச்சுக்கறேள். பெத்த பொண்ணைப் பாத்துக்கத் தெரியாதுன்னு எப்படி எழுதினேள்?"

நான் இடுக்கியைத் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

"வேண்டாம்னா கையெழுத்துப் போடாதேங்கோ மாப்பிள்ளை. அவரண்ட நான் சொல்லிக்கறேன். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போறது."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் குழந்தைமேல் அவளுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் எனக்கு வழிவிட்டு நின்றாள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த வீட்டில் ஒரு விஷ ஜந்து இருக்கிறது, குழந்தை இருக்கத் தகுந்த இடம் இல்லை இது. எட்டுகாலியை வெளியே விட்டுவிடலாமே என்ற யோசனை, சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு வரவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் பழக்கத்தில் கீழே தேதியும் எழுதினேன்.

மறுநாள் காலையில் தம்பானூரில் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனேன். காகிதத்தில் ஒன்று, வாயில் ஒன்று இருக்கக் கூடாது என்பது குமாஸ்தா புத்தி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குழந்தையிடம், "இனிமே என்னைச் சித்தப்பான்னு கூப்பிடணும், என்ன?" என்றேன். அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை சொன்னபடி கேட்கிற குழந்தை. "போயிட்டு வரேன் சித்தப்பா" என்று கை ஆட்டினாள். பஸ் போனதும் ஆபீஸுக்குப் போனேன். லேட்கூட இல்லை.

அவள் எட்டாம் வகுப்புக்குப் போன வருஷம் எட்டுகாலி செத்தது. காலையில் பார்த்தபோது பாட்டிலின் அடியில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. மூடியைத் திறந்து, முதல் தடவையாகக் கையை உள்ளே விட்டு எடுத்தேன். எடையே இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மனைவிக்கு அழாதது, மகளுக்கு அழாதது, எல்லாம் சேர்ந்து வந்தது. வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை.

அத்தனை வருஷத்தில் அது யாரையும் கடிக்கவில்லை. அந்த முதல் மாதத்துக்குப்பிறகு ஒரு நாள்கூட என்னை விட்டுத் தப்பவும் இல்லை. அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.